தனபால் சாரின் இரண்டு ஓம்

தனபால் தன்னை வாத்தியார் என்று ஒருநாளும் சொல்லிக்கொண்டதில்லை. அந்த மட்டுக்கு அவர் யோக்கியர். "முப்பத்தொரு வருஷம் பிஸிக்ஸ்ல இருந்தேனுங்க" என்று மட்டும் சொல்வார். மிச்சத்தை எதிரே நிற்பவரின் கற்பனைக்கு விட்டுவிட்டு, சட்டைப் பையிலிருக்கும் பேனாவை ஒருமுறை சரிசெய்துகொள்வார்.

செம்மநத்தம் போகிற ரோட்டில் பதினான்கு வீடுகள் கொண்ட ஊர் எங்களுடையது. அத்தனை வீட்டிலும் அவர் தனபால் சார்தான். ஏற்காட்டிலிருந்து காப்பிக்கொட்டை வாங்க வரும் வியாபாரிகூட வண்டியை நிறுத்தி "சார் சௌக்கியங்களா" என்று கேட்டுவிட்டுத்தான் தராசை எடுப்பார். எஸ்டேட்டில் இருபத்திரண்டு வருஷமாகக் கணக்கெழுதும் ரைட்டராக இருக்கும் என்னை, தேவசிகாமணி என்கிற அழகான பெயரை விட்டுவிட்டு, "ஏனுங்க ரைட்டரே" என்றுதான் கூப்பிடுவார்கள். எனக்கு அதில் வயிற்றெரிச்சல் இல்லை என்று சொன்னால் பொய்.

அவர் உண்மையில் யார் என்பது எங்களுக்குத் தெரியவந்தது ரொம்பப் பிந்தி. உங்களுக்கு முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மலைமேல் ஒரு பள்ளிக்கூடத்தில், பெயர் எதற்கு, அவர் ஆய்வகத்தில் லேப் அட்டெண்டராக இருந்தார். கண்ணாடிக் குடுவை கழுவுவது, மேசை துடைப்பது, சோதனைக்கு வேண்டிய சாமான்களை எடுத்து வைப்பது, பிள்ளைகள் போனபின் எண்ணி உள்ளே வைப்பது. கேவலமான வேலை ஒன்றும் இல்லை. அவருக்குத்தான் அது கேவலமாக இருந்தது.

அந்த ஆய்வகத்தில் வருஷம் தவறாமல் நடந்த சோதனை, ஒரு கம்பிச்சுருளின் மின்தடையைக் கண்டுபிடிப்பது. சுருளின் இரண்டு முனைக்கு நடுவே எத்தனை வோல்ட் என்று ஒரு மீட்டர் காட்டும். அதற்குள் எத்தனை ஆம்பியர் கரண்ட் ஓடுகிறது என்று இன்னொரு மீட்டர் காட்டும். வோல்ட்டை ஆம்பியரால் வகுத்தால் வருவது மின்தடை, அதை ஓம் என்று சொல்வார்கள். மூன்று முறை அளந்து, மூன்று விடையையும் கூட்டி, சராசரி எடுத்து எழுத வேண்டும். நாலாங்கிளாஸ் வகுத்தல் தெரிந்தால் போதும். கண் தெரிந்தால் அதைவிட நல்லது, ஏனென்றால் முள்ளைப் பார்க்க வேண்டும்.

செய்முறைத் தேர்வு நாளில் முள்ளைப் பார்க்க யாருக்கும் நேரம் இருக்காது. நாற்பது பிள்ளைகளுக்கு நாலே செட் சாமான், அதில் இரண்டுக்கு பேட்டரி செத்திருக்கும். வெளியிலிருந்து வந்த தேர்வாளருக்கு மூன்றரை மணி சேலம் பஸ்ஸில் சீட் பிடிக்கும் கவலை. வாத்தியாருக்குத் தேர்ச்சி விகிதக் கவலை. ஆகவே தனபால் கையில் துடைக்கிற துணியோடு மேசைகளுக்குப் பின்னால் மெதுவாக நடப்பார். நடந்துகொண்டே, உதடு அசையாமல், "ரெண்டு" என்பார். அந்தச் சுருள் இரண்டு ஓம்.

பிள்ளைகள் பக்கத்தின் அடியில் விடை இரண்டு என்று முதலில் எழுதிக்கொள்வார்கள். அப்புறம் மேலே போய், ஒரு வோல்ட்டுக்கு அரை ஆம்பியர், இரண்டு வோல்ட்டுக்கு ஒரு ஆம்பியர், மூன்று வோல்ட்டுக்கு ஒன்றரை என்று ரீடிங்கை விடைக்கு ஏற்றபடி நிரப்புவார்கள். சாமர்த்தியசாலிகள் ஒரு வரியில் மட்டும் கொஞ்சம் பிசகாக எழுதுவார்கள், நம்பும்படி இருக்கட்டும் என்று. எல்லோருக்கும் முழு மார்க். முப்பத்தொரு வருஷம் இப்படிப் போனது. அங்கிருந்த அம்மீட்டர்களில் முள் எந்த வருஷத்தில் துருப்பிடித்து நின்றது என்று யாருக்கும் தெரியாது.

இத்தனை வருஷம் ஒரே விடையைச் சொன்ன மனிதன் மனதில் என்ன பதியும். மின்தடை என்றால் இரண்டு. சேலத்தில் இரண்டு, சென்னையில் இரண்டு, சந்திரனில் போய் அளந்தாலும் இரண்டு. தனபால் அதை ஒரு கம்பிச்சுருளின் குணமாக நினைக்கவில்லை, உலகத்தின் குணமாக நினைத்தார்.

நான்கு வருஷத்துக்கு முன் ஓய்வு பெற்றதும், மனைவி வழியில் வந்த ஒன்றரை ஏக்கர் காப்பித் தோட்டத்தைப் பார்த்துக்கொள்ள எங்கள் ஊருக்குக் குடிவந்தார். வரும்போது சேலத்தில் ஒரு மஞ்சள் நிற மல்டிமீட்டர் வாங்கி வந்தார். அதைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு முதல் தடவை பொன்னுவேல் வீட்டுக்குப் போனார். பொன்னுவேல் எங்கள் ஊரில் கொஞ்சம் வசதியானவர், காப்பிப்பழம் தோலுரிக்கும் மோட்டார் வைத்திருப்பவர். தனபால் அங்கே வோல்ட்டேஜை அளந்தார், நூற்றி எழுபது என்று காட்டியது. பிறகு கரண்ட்டையும் அளந்துவிடலாம் என்று, மீட்டரின் குமிழை ஆம்பியருக்குத் திருப்பி, இரண்டு முனையையும் பிளக் ஓட்டைக்குள் நேராகக் குத்தினார். டமார் என்று ஒரு சத்தம். அவர் சுவரோரம் உட்கார்ந்திருந்தார். பொன்னுவேல் வீட்டு ஃபியூஸும் போனது, மீட்டருக்குள் ஆம்பியர் காட்டுகிற பாகமும் போனது.

வேறு ஒருவனாக இருந்தால் அன்றோடு மீட்டரைப் பரணில் போட்டிருப்பான். தனபால் எழுந்து, வேட்டியைத் தட்டிவிட்டு, "கரண்ட்ட அளக்க வேண்டியதே இல்லீங்க. வோல்ட்டேஜ் தெரிஞ்சாப் போதும், ரெண்டால வகுத்தாக் கரண்ட் வந்துரும். ரெண்டையும் பெருக்குனா வாட்டு" என்றார். பொன்னுவேலுக்கு அந்தச் சத்தத்தில் பாதிக் காது அடைத்திருந்தது. ஆனாலும் இவ்வளவு பெரிய சத்தம் போட்டுவிட்டு இவ்வளவு நிதானமாகப் பேசுகிறவர் படித்தவராகத்தான் இருக்க வேண்டும் என்று முடிவு செய்து, "சரிங்க சார்" என்றார். சார் பட்டம் அந்த இடத்தில்தான் சூட்டப்பட்டது. ஆலையில்லா ஊருக்கு இலுப்பைப் பூ சர்க்கரை.

அதன்பிறகு ஊரில் எந்த மின்சாமான் விவகாரமும் அவரிடம் போகாமல் தீராது. தீர்ந்ததா என்பது வேறு விஷயம். அறுவடை சமயத்தில் வோல்ட்டேஜ் குறைந்தபோது பொன்னுவேல் மோட்டாரை ஓட்டலாமா என்று கேட்டார். "தாராளமா ஓட்டுங்க. வோல்ட்டேஜ் குறைஞ்சாக் கரண்ட்டும் குறையும், கணக்கு அப்படித்தான் சொல்லுது" என்றார் தனபால். பல்புக்கு அந்தக் கணக்கு ஓரளவு பொருந்தும். மோட்டார் வேறு சாதி. வோல்ட்டேஜ் குறைந்தால் அது இழுக்க முடியாமல் இன்னும் அதிகமாகக் கரண்ட்டைக் குடிக்கும், குடித்துச் சூடாகும். பொன்னுவேலின் மோட்டார் மூன்றாம் நாள் புகைந்தது. "மோட்டார் பழசுங்க" என்றார் தனபால். அது உண்மைதான், ஒரு வருஷம் பழசு.

வோல்ட்டேஜ் குறைவதற்குக் காரணம் ஊருக்கே தெரியும். எங்களுக்கு மேலே, அதே லைனில், மூன்று காட்டேஜ்கள் கட்டியிருக்கிறார்கள். ஒவ்வொரு அறைக்கும் ஒரு கீசர். வெள்ளிக்கிழமை மத்தியானம் பெங்களூர் கார்கள் ஏறி வந்ததும் அத்தனை கீசரும் ஒன்றாக விழித்துக்கொள்ளும். விருந்தாளிகள் மலையின் குளிரை அனுபவிக்க வந்தவர்கள், அனுபவிப்பதற்கு முன் வெந்நீர் வேண்டும். கீழே எங்கள் வீட்டு டியூப்லைட் கண்ணைச் சிமிட்டிவிட்டுப் படுத்துவிடும்.

இதில் அதிகம் அடிபட்டது முத்தாயி. எஸ்டேட்டில் பழம் பறிக்கிற அம்மாள், தனிக்கட்டை. அவள் வீட்டுக்கு இருப்பது குடிசைக்கென்று அரசாங்கம் கொடுக்கிற ஒற்றை விளக்கு இணைப்பு, மீட்டர் கிடையாது. மார்கழியில் வண்டிக்காரனிடம் இருபத்திரண்டு கோழிக்குஞ்சு வாங்கினாள். குஞ்சுக்குச் சூடு வேண்டுமென்று கூடைக்கு மேல் அறுபது வாட் குண்டு பல்பு ஒன்றைத் தொங்கவிட்டு, வீட்டுக்கு வெளிச்சமும் அதுவே போதும் என்று இருந்தாள். வெள்ளி, சனி, ஞாயிறு பல்பு மஞ்சளாகச் சுருங்கும். திங்கட்கிழமை கூடையில் இரண்டு மூன்று விறைத்துக் கிடக்கும். பொங்கல் வருவதற்குள் ஒன்பது போய்விட்டது.

ஊர் கூடி மனு கொடுப்பது என்று முடிவானது. மனு எழுத என்னை விட்டால் யார். "மேற்படி குக்கிராமத்தில் வசிக்கும் ஏழை எளிய மக்களாகிய நாங்கள்" என்று ஆரம்பித்து, கல்லும் கரையும்படி ஒன்றரைப் பக்கம் எழுதினேன். தனபால் படித்துப் பார்த்துவிட்டு, "ஆபீஸ்ல கண்ணீருக்கு மதிப்பில்லீங்க ரைட்டரே, புள்ளிவிவரம் வேணும். அட்டவணை நான் போட்டுத் தர்றேன்" என்றார். எனக்கு அது குத்தியது. ஆனாலும் சார் சொல்லிவிட்டாரே.

அவர் பதினான்கு வீட்டுக்கும் போய் வோல்ட்டேஜ் அளந்தார். அதை நேர்மையாகத்தான் அளந்தார். முத்தாயி வீட்டில் நூற்றி அறுபது. அதை அப்படியே எழுதினார். பக்கத்துக் கட்டத்தில் கரண்ட் எழுத வேண்டும், அதற்கு அளவு கிடையாது, வகுத்தல் இருக்கிறதே. நூற்றி அறுபதை இரண்டால் வகுத்தார், எண்பது ஆம்பியர். அதற்கடுத்த கட்டத்தில் இரண்டையும் பெருக்கினார், பன்னிரண்டாயிரத்து எண்ணூறு வாட். கடைசிக் கட்டத்தில் மின்தடை, இரண்டு. பதினான்கு வரியிலும் கடைசிக் கட்டம் இரண்டு, இரண்டு, இரண்டு என்று சிப்பாய்கள் போல் வரிசையாக நின்றது. கட்டங்களை அடிக்கோல் வைத்துச் சிவப்பு மையில் போட்டிருந்தார். பார்க்க அழகாக இருந்தது. நான் அதை என் மனுவோடு தைத்து, ஊரார் கையெழுத்தும் கைநாட்டும் வாங்கி, ஏற்காட்டில் மின்சார ஆபீஸில் கொடுத்துவிட்டு வந்தேன். ஒரு வரியைக்கூட நான் கூட்டிப் பெருக்கிப் பார்க்கவில்லை.

இருபது நாள் கழித்து ஆபீஸிலிருந்து பதில் வந்தது. ஊருக்கு அல்ல, முத்தாயிக்கு. ஒற்றை விளக்குக்காகத் தரப்பட்ட இலவச இணைப்பில் அனுமதிக்கப்பட்ட பளுவை மீறி 12,800 வாட் மின்சாரம் பயன்படுத்தப்படுவதாகப் பொதுமக்கள் அளித்த மனுவிலிருந்தே தெரியவருவதால், ஏழு நாளில் தக்க விளக்கம் தர வேண்டும், தவறினால் இணைப்பு துண்டிக்கப்படும். கிணறு வெட்டப் பூதம் கிளம்பியது. வோல்ட்டேஜ் நூற்றி அறுபது என்று எழுதியிருந்த கட்டத்தை ஆபீஸில் ஒருவரும் படிக்கவில்லை. அதற்கடுத்த கட்டங்களை மட்டும் அக்கறையாகப் படித்திருக்கிறார்கள்.

முத்தாயி காகிதத்தை என்னிடம் கொண்டுவந்தாள். படித்துச் சொன்னேன்.

"பன்னண்டாயிரம்னா எவ்வளவுங்க ரைட்டரே?"

"ஒரு மில்லே ஓட்டலாம் போல இருக்குது."

"என்ற ஊட்டுல மில்லு எங்கிங்க இருக்குது? லைனை வெட்டிட்டாங்கன்னா மிச்சக் குஞ்சும் போயிருமே."

தனபாலிடம் போனோம். அவர் நோட்டீசை இரண்டு தடவை படித்தார். முகம் வெளுத்தது. ஆனால் வாய் வெளுக்கவில்லை. "ஆபீஸ்ல தப்பாப் புரிஞ்சுக்கிட்டாங்க. நேர்ல வந்தா நான் பேசிக்கிறேன். நீங்க பயப்படாதீங்க முத்தாயி" என்றார்.

நேரில் வந்தார்கள். ஏழாம் நாள் வெள்ளிக்கிழமை, சாயங்காலம் நாலு மணிக்கு ஜீப் வந்து நின்றது. உதவிப் பொறியாளர் ஒரு பெண், முப்பது வயது இருக்கும், சிவரஞ்சனி என்று பெயர். கூடவே ஏணியும் வெட்டுக் குறடும் எடுத்துக்கொண்டு ஒரு லைன்மேன். முத்தாயி வீட்டு வாசலில் ஊரே கூடிவிட்டது. தனபால் சார் பேனா குத்திய சட்டையோடு முன்வரிசையில் நின்றார். அந்தப் பெண் ஜீப்பிலிருந்து இறங்கியதைப் பார்த்ததும், ஏனோ பின்வரிசைக்குப் போய் என் முதுகுக்குப் பின்னால் நின்றுகொண்டார். எனக்கு அப்போது புரியவில்லை.

சிவரஞ்சனி வீட்டுக்குள் போய் ஒரு சுற்றுப் பார்த்தார். பார்க்க அதிகம் இல்லை. ஒரு கூடை, பதின்மூன்று குஞ்சு, ஒரு பல்பு. சுவரோரம் வந்திருந்த கம்பியைத் தொட்டுக் காட்டிக்கொண்டே வெளியே வந்தார்.

"இந்தக் கம்பியில எண்பது ஆம்பியர் போனா கம்பியே உருகிக் கொட்டியிருக்கும். மனுவுல எண்பதுன்னு இருக்குது. ஒண்ணு இவங்க ராத்திரியில வேற எதுக்கோ கொக்கி போட்டுக் கரண்ட் எடுத்திருக்கோணும், இல்லாட்டி அளந்தது பொய்யா இருக்கோணும். யாருங்க அளந்தது?"

ஊரார் அத்தனை தலையும் என் பக்கம் திரும்பியது. என் பக்கம் அல்ல, எனக்குப் பின்னால். பொன்னுவேல் பெருமையாகச் சொன்னார், "எங்க சாருங்க. பிஸிக்ஸ் சார்."

சிவரஞ்சனி என்னைத் தாண்டி எட்டிப் பார்த்தார். கொஞ்சம் அதிக நேரமே பார்த்தார். பிறகு ரொம்ப மரியாதையாக, "நீங்கதான் அளந்தீங்களா சார்?" என்றார்.

தனபாலுக்கு வியர்த்தது. ஏற்காட்டில், தை முடிகிற குளிரில். அவர் முன் இரண்டே வழி. அளந்தேன் என்றால் முத்தாயி திருடி, லைன்மேன் ஏணியைச் சாய்க்க வேண்டியதுதான், இவர் சாராகவே வீட்டுக்குப் போகலாம். அளக்கவில்லை என்றால் முத்தாயிக்கு விளக்கு, இவருக்கு இருட்டு. உண்மையைச் சொன்னால், அவர் முதல் வழியைத்தான் எடுப்பார் என்று நான் நினைத்தேன். அவரை வெறுக்க ஒரு காரணம் கிடைக்கட்டும் என்று கொஞ்சம் ஆசைப்படக்கூடச் செய்தேன்.

"வோல்ட்டேஜ்... வோல்ட்டேஜ் அளந்தேனுங்க மேடம்."

"ஆம்பியர்?"

லைன்மேன் ஏணியைத் தோளிலிருந்து இறக்கினான். முத்தாயி வாசலை மறித்தாற்போல் நின்றாள். உள்ளே குஞ்சுகள் கீச்கீச்சென்று கத்திக்கொண்டிருந்தன. காட்டேஜில் கார்கள் வந்துவிட்டன போலிருக்கிறது, பல்பு மங்க ஆரம்பித்தது.

"அளக்கலீங்க" என்றார் தனபால். "எனக்கு அளக்கவே தெரியாதுங்க. ரெண்டால வகுத்து எழுதிட்டேன். நான் சாரும் இல்லீங்க. பள்ளிக்கூடத்துல மேசை தொடச்சேன், லேப் அட்டெண்டரு. அந்தம்மா ஒரு தப்பும் பண்ணலீங்க கண்ணு, லைனை வெட்டாதீங்க."

பொன்னுவேல் வாயைத் திறந்தார், மூடினார். அவருடைய மோட்டார் நினைவுக்கு வந்திருக்க வேண்டும். யாரோ பின்னால் சிரித்தார்கள். நான்கு வருஷம் என்னை வெறும் ரைட்டராக்கி வைத்திருந்த மனிதர் இப்படி உடைந்து நிற்பதைப் பார்த்து எனக்குச் சந்தோஷம் வர வேண்டும். வந்தது. வந்த வேகத்தில் வெட்கமும் வந்தது.

"ஜீப்புல இருந்து எறங்கறப்பவே தெரியுமுங்க அண்ணே" என்றார் சிவரஞ்சனி. பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் அவரை அண்ணன் என்றுதான் கூப்பிட்டிருக்கிறார்கள். "வாங்க, இப்பவே அளந்து போடலாம்."

ஜீப்பிலிருந்து கிடுக்கி மாதிரி வாய் திறக்கிற ஒரு மீட்டரை எடுத்தார். கம்பியை வெட்டாமலே, அதன் வாய்க்குள் விட்டால் எத்தனை ஆம்பியர் ஓடுகிறது என்று காட்டுமாம். ஒரு பல்புக்கு ஓடுவது ரொம்பக் கொஞ்சம், மீட்டருக்குத் தெரியாது என்று, சுவிட்சை அணைத்துவிட்டுப் பல்புக்குப் போகும் ஒற்றைக் கம்பியை அதன் வாய்க்குள் பத்துச் சுற்றுச் சுற்றி, மறுபடி சுவிட்சைப் போட்டார். வருவதைப் பத்தால் வகுத்துக்கொள்ளலாம். மீட்டரைத் தனபால் கையில் கொடுத்தார். "நீங்க பாருங்க" என்றார்.

தனபால் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தார். நூற்றி அறுபத்து நாலு வோல்ட், 0.217 ஆம்பியர். வகுத்தால் எழுநூற்று ஐம்பத்தாறு ஓம். பெருக்கினால் முப்பத்தாறு வாட்கூட முழுசாக வரவில்லை. அறுபது வாட் பல்பு. குஞ்சுகள் ஏன் செத்தன என்பதற்கு அதற்குமேல் விளக்கம் வேண்டியதில்லை.

கால்மணி கழித்து மறுபடி அளந்தார்கள். வோல்ட்டேஜ் நூற்றி ஐம்பத்தெட்டுக்கு இறங்கியிருந்தது, மின்தடை எழுநூற்று நாற்பத்தைந்து. இன்னும் கொஞ்ச நேரத்தில் ஏதோ கீசர் அணைந்து, நூற்றி எழுபத்தொன்று ஆனது, மின்தடை எழுநூற்று எழுபது. தனபால் மூன்றையும் என் நோட்டில் எழுதினார். எழுதிவிட்டு அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"மூணும் வேற வேறயா வருதுங்களே. எதுங்க கண்ணு சரி?"

"மூணுமே சரிதானுங்கண்ணே. பல்புக்குள்ள இழை சூடானா மின்தடையும் ஏறும். நெசமா அளந்தா இப்படித்தான் இருக்கும்."

"முப்பத்தொரு வருஷத்துல ஒருநாளும் நான் முள்ளப் பாத்ததில்லீங்க" என்றார் தனபால். "ஒருத்தரும் என்னையப் பாக்கச் சொன்னதும் இல்லை."

"நானும் பாக்கலீங்க" என்றார் சிவரஞ்சனி, லைன்மேன் காதில் விழுவதைப் பற்றிக்கூடக் கவலைப்படாமல். "நீங்க ரெண்டுன்னீங்க, எழுதிட்டேன். முழு மார்க்கு வந்துச்சு. அந்த மார்க்குலதான் டிப்ளமோ, அப்புறம் இன்ஜினியரிங், இந்த வேலை எல்லாமே." சொல்லிவிட்டுச் சிரித்தார். தனபாலும் சிரித்தார். ஊரில் இரண்டு மூன்று பேரும் சிரித்தார்கள். பழைய மாணவியும் பழைய அண்ணனும் சேர்ந்துவிட்ட சந்தோஷம். லைன்மேன் ஏணியைத் திரும்பத் தோளில் வைத்துக்கொண்டான்.

முத்தாயி மட்டும் சிரிக்கவில்லை. நோட்டீசை மடியிலிருந்து எடுத்து, அடியில் இருந்த பச்சை மைக் கையெழுத்தை விரலால் காட்டினாள்.

"இது நீங்க போட்டதுங்களா சாமி?"

சிவரஞ்சனி பார்த்தார். "ஆமாங்கம்மா. ரத்து பண்ணிடறேன்."

"பண்ணுங்க. அவரு பாக்காம எழுதுனாரு, நீங்க பாக்காமக் கையெழுத்துப் போட்டீங்க. ஒம்பது குஞ்சு செத்ததை நான் ஒருத்திதானுங்க ஒக்காந்து பாத்துட்டு இருந்தேன்."

சிவரஞ்சனி தலையைக் குனிந்துகொண்டு நோட்டீசின் மேல் குறுக்காகக் கோடு போட்டார். தனபால் பல்பைப் பார்த்துக்கொண்டிருந்தார். அந்த மனுவை எழுதி, அட்டவணையைத் தைத்து, ஆபீஸில் கொண்டுபோய்க் கொடுத்தவன் நான் என்பதை அன்று முத்தாயி மறந்துவிட்டாள். நான் ஞாபகப்படுத்தவில்லை.